நாடி பிடித்தவரிடமும் சொல்லாதது

கண்ணு,

உனக்கு எழுதும் எந்தக் கடிதத்திலும் முதல் வரி ஆண்டவருக்கு நன்றி சொல்வதாகத்தான் இருக்கும். இன்று அந்த வரியை எழுத மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நீ எத்தியோப்பியா போய்ச் சேர்ந்ததும் ஷூ கம்பெனி கொடுத்த அறையை வீடியோவில் காட்டினாய். ஜன்னலுக்கு வெளியே பச்சையாக ஒரு மலை தெரிந்தது. "நல்லா இருக்கேம்மா, சாப்பாடுதான் கொஞ்சம் பேஜாரு" என்றாய். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. ஃபோனில் கேட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு சரியில் முடித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். வேலை முடிந்து, சாப்பிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

நீ போன பிறகு உன் அலமாரியை ஒழித்தேன். மழைக்காலம் வருகிறது, துணியில் பூஞ்சை பிடிக்கும் என்று வெயிலில் போட எடுத்தேன். நீ விட்டுப்போன பழைய சட்டைகளுக்கு அடியில் மாத்திரை அட்டைகள் இருந்தன. பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவளுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் உன் பிரஷருக்கு எழுதிக் கொடுத்தவை. எதிலும் ஒரு மாத்திரைகூட எடுக்கப்படவில்லை. அந்த அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. 

போவதற்கு முன்னால் நீ என்ன சொன்னாய் என்று நினைத்துப் பார். கம்பெனி மெடிக்கலில் பிரஷர் அதிகம் என்று வந்தது, ஆஸ்பத்திரி மாத்திரையும் போடுகிறேன், யுனானி மருந்தும் சாப்பிடுகிறேன், ரெண்டும் சேர்ந்து நல்லாக் கேட்குது என்றாய். "சத்தியமாடா?" என்று கேட்டேன். "சின்னப் பையனாம்மா நானு?" என்றாய். உன் அப்பாவும் இப்படித்தான் என்னை நம்பவைத்தார். அவருக்கு என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தாய். "அப்பாவுக்கு பிரஷர் ஏறிப்போச்சு, வா" என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். வந்து பார்த்தபோது அவர் கட்டிலில் கிடந்தார். ஏன் என்று நீ கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் அப்பாவின் வேலை உனக்குத் தெரியும். பதப்படுத்தி வரும் தோல்களை மேஜையில் விரித்து, கையால் தடவி, நல்லது, சுமார், கழிவு என்று தரம் பிரிக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜன்னல் வெளிச்சத்தில் நின்றபடியே வேலை. மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் உன் கோவிந்தன் மாமா. அப்பா கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் ஆட்டுத் தோலில் உண்ணி கடித்த தழும்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று மாமா பெருமையாகச் சொல்வார். அவருக்கு அந்த மேஜைதான் கௌரவம். தொழிற்சாலையில் நடந்த மெடிக்கல் கேம்ப்பில்தான் அவருக்கு பிரஷர் இருப்பது தெரிந்தது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று, உடம்பில் சேர்ந்த நீரையும் உப்பையும் சிறுநீராக வெளியேற்றுவது. தினமும் எத்தனையோ பேருக்கு நானே எடுத்துக் கொடுக்கும் மாத்திரைதான். "காலைல டிபனுக்கு அப்புறம் போடுங்க" என்று சொல்லி டப்பாவில் பிரித்து வைத்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்றிருந்தேன்.

கொஞ்ச நாளில் அவருக்குத் தூக்கம் கெட்டது. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தினார். ஒரு நாள் குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். அந்த மனுஷன் சாப்பாட்டைத் தள்ளி நான் பார்த்ததே இல்லை. மறுநாள் அவரே சொன்னார், "ஃபேக்டரில பாய்ங்கெல்லாம் பஜார்ல இருக்கற யுனானி ஹக்கீமாண்ட போறாங்க. நானும் ஒருவாட்டி காட்டிட்டு வர்றேன்." எனக்குள் லேசாக எரிச்சல்தான். ஆனாலும் கூடவே போனேன், அந்த ஆள் எங்கே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்.

பள்ளிவாசல் தெருவில், செருப்புக் கடைக்கும் பேரீச்சம்பழக் கடைக்கும் நடுவில் இருந்த அந்த யுனானி வைத்தியசாலையில், தவாகானாவில்தான் நீயும் போய் உட்கார்ந்திருப்பாய். இப்போது அங்கே இருக்கும் டாக்டரம்மாவின் அப்பாதான் அந்த ஹக்கீம். மெலிந்த ஆள், வெள்ளைத் தாடி, வெற்றிலை போடாத சுத்தமான பல். அப்பாவின் மணிக்கட்டில் நான்கு விரலையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். நான் மனசுக்குள் நொடிகளை எண்ணினேன். நாங்கள் நாடி பார்க்கும் நேரத்தைவிட ரொம்ப அதிகம்.

"நின்னுகிட்டேவா வேலை?" என்றார்.

"நின்னுகிட்டே தாங்க."

"தூக்கம்?"

"கம்மி."

"கோவம்?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஜாஸ்தி" என்று நான் முந்திக்கொண்டேன். ஹக்கீம் கண்ணைத் திறந்து சிரித்தார். "நான் அவரை இல்ல கேட்டேன் சிஸ்டரம்மா?"

அப்புறம் மலம், சிறுநீர், எந்த நேரம், எத்தனை தடவை, என்ன நிறம் என்றெல்லாம் கேட்டார். அவர்கள் வைத்தியத்தில் நாடிக்கு அடுத்து அதைத்தான் பார்ப்பார்களாம். "எல்லாம் சரியா போவுதுங்க" என்றார் அப்பா. "ராத்திரில எழுந்துக்கறதில்ல. பகல்லயும் சாதாரணந்தான்." ஹக்கீம் தலையாட்டிவிட்டு, பெட்டியிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்து அதிலும் பார்த்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் மெதுவாகப் படித்தார்.

"எங்க மருந்து உடம்போட மிஜாஜ், அதான் அதோட தன்மை, அதைப் பாத்து நிதானமாத்தான் வேலை செய்யும். உங்க மாத்திரைய நிறுத்தச் சொல்ல மாட்டேன். நிறுத்தணும்னாலும் கொறைக்கணும்னாலும் அதைக் குடுத்த டாக்டரு சொல்லணும். நான் தர்றதுலயும் பிரஷரைக் கொறைக்கற வேர் இருக்கு. அதனால எது போடறீங்க, எது போடலைன்னு எனக்கு நெஜம் தெரியணும். புரியுதா?"

"புரியுதுங்க" என்றார் அப்பா.

அஸ்ரோல் என்ற வேர் சேர்ந்த மாத்திரையும், காலையில் நக்கிச் சாப்பிட இனிப்பாகக் கமீரா என்ற ஒரு லேகியமும் கொடுத்தார். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் வேண்டாம் என்றார். பிரியாணி கூடாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "சாப்புடுங்க, வயித்துல பாதி. மீதிய வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றார். பாலாற்றுப் பக்கம் விடிகாலையில் நடக்கச் சொன்னார். சண்டை வந்தால் வாயைத் திறப்பதற்கு முன்னால் உட்கார்ந்துவிடச் சொன்னார். திரும்பி வரும்போது நான்தான் சொன்னேன், நல்ல மனுஷன் என்று.

உண்மையிலேயே நல்லது நடந்தது, அதையும் மறைக்க மாட்டேன். அப்பா தூங்கினார். காலையில் நடந்துவிட்டு, வண்ணாந்துறைப் பக்கம் கொக்கு வந்திருக்கிறது என்று வந்து சொல்வார். என்னோடு ஆலயத்துக்கு வந்து பாட்டுப்புத்தகத்தை எடுத்துப் பாடினார். வீட்டில் பிரஷர் பார்த்தால் முன்னைக்கு இப்போது தேவலை என்கிற மாதிரி இருக்கும். ரொம்ப இறங்கவில்லை, ஏறவும் இல்லை. ஹக்கீம் பார்த்தபோதும் அப்படித்தான். ரெண்டு மருந்தும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கிறது என்று அவர் நினைத்தார், நானும் நினைத்தேன். தினமும் காலையில் "மாத்திரை போட்டாச்சா?" என்று அடுப்படியிலிருந்து கத்துவேன். "ஆச்சு" என்று பதில் வரும். டப்பாவும் காலியாகிக்கொண்டுதான் வந்தது.

அந்த வருஷம் வெயில் கொடுமையாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் சரக்கு பார்க்க வருகிறார்கள் என்று தொழிற்சாலையில் அவசரம். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில், ஒரு தோலைத் தடவிக்கொண்டிருந்த அப்பாவின் வலது கை அந்தத் தோலின் மேலேயே நின்றுவிட்டது. கோவிந்தன் மாமா முதலில் விளையாட்டு என்று நினைத்தாராம். "இன்னாபா, தூங்கிட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா ஏதோ சொல்லப் பார்த்திருக்கிறார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அப்படியே மேஜை ஓரமாகச் சரிந்துவிட்டார்.

நான் வார்டில் இருந்தேன். ஸ்ட்ரெச்சரில் யாரோ வருகிறார்கள் என்று வழக்கம்போலத்தான் போனேன். முகத்தைப் பார்த்த பிறகு என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. மற்ற சிஸ்டர்கள் சொல்லித்தான் தெரியும், நானே பிரஷர் பட்டையைச் சுற்றி, நானே பார்த்து, டாக்டரிடம் நானே சொன்னேனாம். அங்கிருந்து வேலூருக்குக் கொண்டுபோனோம். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். "ரெகுலரா மாத்திரை எடுத்துட்டாரா?" என்று அங்கே இருந்த டாக்டர் கேட்டார். "ஒரு நாளும் தவறலை சார்" என்றேன், தலையை நிமிர்த்தி.

வராந்தாவில் கோவிந்தன் மாமா நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணி, அவன் அந்த ஒண்ணுக்குப் போற மாத்திரைய நிறுத்தி ரொம்ப நாளாவுது. அப்பறம் இன்னொண்ணையும் வுட்டுட்டான்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. மேஜையை விட்டுப் போவதென்றால் சூப்பர்வைசரிடம் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த மாத்திரை போட்டால் அப்பாவுக்குக் காலை நேரத்தில் அடிக்கடி போக வேண்டியிருந்தது. மகன் வயசுள்ள சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னால், "இன்னா பெருசு, மறுபடியும் கொழா ஓப்பனாய்டுச்சா?" என்று கேட்டிருக்கிறான். மொத்த ஹாலும் சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அப்பா அந்த அட்டையை வாங்கவே இல்லை. மாத்திரையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து வழியில் சாக்கடையில் போட்டுவிடுவாராம். "அண்ணியாண்ட சொல்லேன்டா, வேற மாத்திரை குடுப்பாங்க இல்ல" என்று கோவிந்தன் மாமா சொன்னதற்கு, "இதைப் போய் அவகிட்ட எப்பிடிடா சொல்றது?" என்று கேட்டிருக்கிறார்.

அவ்வளவுதான், கண்ணு. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாத்திரையை மாற்றியிருப்பார், இல்லையென்றால் நேரத்தை மாற்றியிருப்பார். நான் எத்தனை பேருக்கு அப்படி மாற்றி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்!

மறுநாள் யூனிஃபார்மோடு பஸ் பிடித்து ஆம்பூர் வந்து, நேராக தவாகானாவுக்குப் போய், நோயாளிகளுக்கு முன்னால் ஹக்கீமைப் பார்த்துக் கத்தினேன். வேரையும் லேகியத்தையும் கொடுத்து என் புருஷனைக் கெடுத்துவிட்டீர்கள் என்றேன். அவர் எழுந்து நின்று கேட்டார். கத்தி முடித்து, கோவிந்தன் மாமா சொன்னதை என் வாயாலேயே சொன்னபோதுதான், நான் கத்துவதில் அர்த்தம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மாத்திரை போட்டா ஒண்ணுக்கு ஜாஸ்தி போவணும். இவுரு சாதாரணந்தான்னு சொன்னாரு. மொத நாளே சொன்னாரும்மா. எனக்கு அப்பவே தோணியிருக்கணும். தோணலையே சிஸ்டரம்மா. கையில நாடிய வெச்சுக்கினே கோட்டை வுட்டுட்டேனே."

  அப்பா ஹக்கீமிடம் பொய்கூடச் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டதால் எல்லாம் சாதாரணமாகத்தான் போனது. கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னார். சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டார்.

மீதியை நீ பார்த்திருக்கிறாய். வலது பக்கம் திரும்பவே இல்லை. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, "வேணாம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் வேணாம், வலித்தாலும் வேணாம், உன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாலும் வேணாம். ஹக்கீம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தைலம் எடுத்துக்கொண்டு வருவார். முதல் தடவை வந்தபோது அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஹக்கீம் கைலியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, செத்துப்போன அந்தக் கையைத் தேய்க்க ஆரம்பித்தார். தோலைத் தடவித் தடவிக் காய்த்துப்போன உள்ளங்கை, படுத்துப் படுத்து குழந்தையின் கை மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தேய்த்ததனால் கை வரவில்லை. வராது என்று ஹக்கீமுக்கும் தெரியும். ஆனாலும் அப்பா கண்மூடும் வரைக்கும் வந்தார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏன் மாத்திரையைப் போடவில்லை என்று எனக்குத் தெரியாது. தலை சுற்றியதா, இருமல் வந்ததா? அல்லது உனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதே, இந்த மாத்திரை போட்டால் ஆண்மைக்கு ஆகாது என்று யாராவது சொன்னார்களா? அம்மா இப்படிக் கேட்கிறாளே என்று கூசாதே. எனக்கு எதிரில் எத்தனையோ ஆம்பளைகள் தலையைக் குனிந்துகொண்டு இதைச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி இருந்தாலும் அதற்கு வழி இருக்கிறது, வேறு மாத்திரை இருக்கிறது. இல்லை, பெண் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயமா? முப்பது வயசு தாண்டியதும் பிரஷர் என்றால் என்ன நினைப்பார்கள் என்றா? நான் அவர்களிடம் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. கல்யாணத்துக்கு முன்னால் சொல். கட்டிலில் கிடப்பவனைத் திருப்பிப் படுக்கவைக்கப்போகிறவள் அவள்தான் என்றால், அவளுக்கு முதலில் தெரிய வேண்டும். இது உனக்குக் கசக்கும். எனக்கும் எழுதக் கசக்கிறது.

உனக்குக் கோபம் வருகிற காரியம் ஒன்றும் செய்திருக்கிறேன். அட்டைகளை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். தன் அப்பாவைப் போல நான்கு விரலில் நாடி பார்க்கிறாள், கம்ப்யூட்டரில் எழுதுகிறாள். 

"ஆன்ட்டி, ரெண்டும் போடறேன்னு சொன்னாரே. அதை வெச்சுத்தானே நான் டோஸைக் கம்மியா குடுத்தேன். சேந்து ரொம்ப இறங்கிடக் கூடாதுன்னு."

"எனக்குத் தெரியும்மா" என்றேன்.

"இப்போ திடீர்னு அவரே எல்லாத்தையும் எடுத்து முழுங்க வேணாம். முதல்ல அங்க ஒரு டாக்டரைப் பாக்கட்டும். என்னென்ன குடுத்தேன்னு நான் எழுதித் தர்றேன், அதைக் காட்டட்டும். எனக்கும் ஃபோன் பண்ணச் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்." சீட்டை எடுத்து எழுதிக்கொண்டே, "எங்க அப்பா சாகற வரைக்கும் அங்கிளைப் பத்திப் பேசுவாரு ஆன்ட்டி. எனக்கு மொத மொத சொல்லிக் குடுத்த கேஸே அதுதான்" என்றாள்.

யுனானி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் அப்பா நிம்மதியாகத் தூங்கிய கடைசி நாட்கள் அந்த மருந்தால் வந்தவை. உனக்கு அது ஒத்துக்கொண்டால் சாப்பிடு. ஆனால் ஆஸ்பத்திரி டாக்டருக்கு இது தெரியட்டும், டாக்டரம்மாவுக்கு அது தெரியட்டும். யாரிடமும் பாதி சொல்லாதே. பாதி சொன்னால் அவர்கள் இல்லாத ஒரு ஆளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நிஜமான நீ தனியாகக் கிடப்பாய். எனக்கு வயசாகிவிட்டது. முட்டி மடங்குவதில்லை. இன்னொரு ஆளைக் கட்டிலில் வைத்துப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. இருந்தால்கூட அந்தத் தெம்பை உனக்காகச் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை, கண்ணு.

கோவிந்தன் மாமாவின் மருமகன் அடுத்த வாரம் உன் கம்பெனிக்கே வேலைக்கு வருகிறான். அவன் கையில் டாக்டரம்மா எழுதிய சீட்டையும், புதிதாக ஒரு பிரஷர் மெஷினையும் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் அறையில் எல்லாரும் இருக்கும்போதுதான் அவன் அதைக் கொண்டுவந்து நீட்டுவான், அப்படித்தான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். இன்னாடா இது, யாருக்கு என்று யாராவது கேட்பார்கள். அம்மா அனுப்பினாள், சும்மா, யாருக்கோ என்று சொல்லிப் பெட்டியில் போட்டுவிடாதே. எனக்குத்தான், எனக்கு பிரஷர் இருக்கு என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல். சொல்லிவிட்டு, அங்கேயே சட்டைக் கையை மடித்து, பட்டையைச் சுற்றிப் பார். அதில் எந்த எண் வந்தாலும் எனக்குச் சொல்லு.

அம்மா